2719, விற்பனைக்கு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே கட்டடத்தின் முன்னால் இருபது பேர் நின்றார்கள். மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அண்ணாந்து பார்ப்பதும், கைப்பேசியில் படம் எடுப்பதுமாக இருந்தார்கள்.

கீழ்க்கடையின் கண்ணாடி வழியாக அதைப் பார்த்த கட்டடச் சொந்தக்காரி சியூ கெங்குக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கீழே இரண்டு கடை, மேலே ஆறு வீடு. பட்டர்வொர்த்தில் அந்தப் பழைய கட்டடத்துக்குப் புதுக் கூரை, புதுக் குழாய், வாசலில் பொன்னிறத்தில் 2719 என்று பெரிய எண் எல்லாம் வைத்துப் புதுப்பித்து ஒரு வருஷமாகிறது. லிஃப்ட் இல்லை என்பதால் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. இதை விற்றால்தான் மூட்டுவலியோடு உச்சியிலுள்ள தன் வீட்டுக்கு மூன்று மாடி ஏறும் தண்டனை அவளுக்குத் தீரும்.

தரகர் சுகுமாறன் மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியிருந்தார். நேற்று 'விற்பனைக்கு' பலகையை மாட்டும்போது ஏணியோடு விழுந்து, ஆம்புலன்ஸ் வந்து, தெருவே கூடிவிட்டது.

"பாத்தீங்களா ஆன்ட்டி? கால ஒடிச்சுகிட்டு மாட்டின போர்டு. சும்மாவா?"

"உன் காலு ராசியான காலு, சுகு. இன்னொரு காலயும் பத்திரமா வச்சுக்க."

அப்போதுதான் ஹாஜி சுல்கிப்ளி உள்ளே வந்தார். அவர் படம் எதுவும் எடுக்கவில்லை. மூன்று மாடியும் ஏறி, சுவரைத் தட்டி, குழாயைத் திறந்து பார்த்துவிட்டு நிதானமாக இறங்கி வந்தார்.

"நீங்க சொன்ன பதினெட்டு லட்சம் வெள்ளிக்கே எடுத்துக்கறேம்மா. திங்கக்கிழம வக்கீல்கிட்டப் போயிடலாம்."

நேற்றாக இருந்தால் அவர் காலிலேயே விழுந்திருப்பாள். இப்போது வெளியே பார்த்தாள். கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. ஒரு கிழவி கட்டட எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இருவது லட்சம், ஹாஜி. வெளிய எத்தன பேரு நிக்கிறாங்க பாருங்க."

சுகுமாறன் பதறினார். "ஆன்ட்டி, கைக்கு வந்தத விடாதீங்க."

"நீ வாய மூடு."

ஹாஜி ஒருமுறை வெளியே பார்த்துச் சிரித்தார். "நல்லா இருங்கம்மா. பக்கத்துத் தெருவுல ஒரு கட்டடம் சொல்லியிருக்காங்க. அதையே முடிச்சுக்கறேன்." கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மணி நேரமாகியும் யாரும் கதவைத் தட்டவில்லை. கூச்சப்படுகிறார்களோ என்று சியூ கெங்கே சாவிக்கொத்தோடு வெளியே வந்தாள். இருப்பதில் நன்றாக உடுத்தியிருந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, வாயெல்லாம் பல்லாகக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"வாங்க அண்ணே, மேல போய்ப் பாக்கலாம். தண்ணி, கரண்டு எல்லாம் புதுசு."

அவர் ஓரடி பின்வாங்கினார்.

"வீடு எனக்கெதுக்கு ஆன்ட்டி? ஆளு விழுந்து ஆம்புலன்சே வந்த எடம், இன்னிக்கு லாட்டரியில இந்த நாலு நம்பருதான் அடிக்கும், நீங்களும் ரெண்டு வெள்ளி போட்டு வைங்க."