ஹவ்வா உம்மா வீட்டுக் கஞ்சி

நோன்பு தொடங்கிப் பதினோரு நாளாகியும் பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மாவிடமிருந்து ஒரு கோப்பைக் கஞ்சி வரவில்லை.

இரஞ்சிதத்துக்கு மனசு ஆறவேயில்லை.

அம்மா சுப்பம்மா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், லயத்து வரிசை வீட்டை விட்டுக் கண்டி டவுன் பக்கம் குடிவந்த வீடு இது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் கூரையைத் தொடாத சுவர். நோன்பு வந்தால் போதும், பாங்கு சொல்வதற்கு முன்பே ஹவ்வா உம்மா பின்வாசலில் கஞ்சிக் கோப்பையோடு நிற்பார்.

மலையிலிருந்து நனைந்து வந்த சுப்பம்மா, இஞ்சியும் ரம்பை இலையும் மணக்கும் அந்தக் கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு, "எனக்குப் போதும், நீ குடி" என்று மகளிடம் தள்ளுவாள். இரஞ்சிதமும் அதை நம்பிக் குடித்துவிடுவாள். அந்தச் சூடு இன்னும் கைக்குள் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. கோப்பையும் வெறுமையாகத் திரும்பிப் போனதில்லை. ஒரு பிடி சீனியாவது அதில் போகும். முப்பது வருடப் பழக்கம்.

இப்போது அம்மாவுக்குப் புற்றுநோய். ஈரல் வரைக்கும் பரவிவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்தப் பழக்கம் போன இடம் தெரியவில்லை.

"தொத்திக்கும்னு பயந்துட்டாங்கம்மா. வாசல்ல நின்னே 'எப்பிடி'ன்னு கேட்டுட்டுப் போயிடுறாங்க. கஞ்சி வாசம்கூட இந்தப் பக்கம் வரல. ஜன்னலச் சாத்திக்கிட்டு காச்சுறாங்க போல."

"சும்மா இரு புள்ள."

"சும்மாதான் இருக்கேன். ஆனா இந்தத் தீபாவளிக்கு நம்ம வீட்டு முறுக்கு ஒண்ணுகூட அங்க போகாது, சொல்லிட்டேன்."

முறுக்கு கிடக்கட்டும். பத்து நாளாக அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. வாயெல்லாம் புண். எதைக் கொடுத்தாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். கஷ்டப்பட்டு விழுங்கியதும் வாந்தியாக வந்தது. இன்னும் நிறை குறைந்தால் அடுத்த மருந்து ஏற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரஞ்சிதத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அன்று பின்னேரம் அம்மா தானாகவே வாய் திறந்தாள்.

"ஹவ்வா அக்கா கஞ்சி ரெண்டு வாய் குடிச்சா தேவல போல இருக்கு."

பத்து நாளில் முதல்முதலாக ஒன்று கேட்கிறாள். அதையும் எந்த வீட்டுக் கஞ்சியாகப் பார்த்துக் கேட்கிறாள் பாருங்கள்.

"நான் காச்சித் தாரேம்மா."

"நீ காச்சுனா அது உன் கஞ்சி."

வேறு வழியில்லை. பாங்கு சொன்னதும் இரஞ்சிதம் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு, கையில் ஒரு செம்போடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மருமகள் பஸீஹா திறந்தாள். உள்ளே பாயில் ஹவ்வா உம்மா பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தண்ணீர், கடையில் வாங்கிய பாண் துண்டுகள், கடைச் சோற்றுப் பார்சல் இரண்டு. கஞ்சிப் பானையைக் காணோம். நம்மைக் கண்டதும் ஒளித்துவிட்டார்கள் என்று இரஞ்சிதம் நினைத்துக்கொண்டாள்.

"அம்மா கொஞ்சம் கஞ்சி கேட்டாங்க. மிச்சம் இருந்தா குடுங்க உம்மா."

கடித்த பழம் கையிலேயே நின்றது.

"சுப்பம்மா கேட்டாவா? அவட வாயால கேட்டாவா?"

"ஆமாங்க."

ஹவ்வா உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மீதி நோன்பு திறப்பை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். அரிசி களைகிற சத்தம் கேட்டது.

இரஞ்சிதத்துக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "மிச்சம் இருந்தா குடுங்கன்னுதானே கேட்டேன். நோம்பு நாள்ல இன்னுமா கஞ்சி காச்சல?"

பஸீஹா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"மொத நோம்பு அண்டைக்கு நாங்க கஞ்சிக்கு வெங்காயம் தாளிக்கிற நேரம், அந்த மணத்துக்கு உங்கட அம்மா ஓங்காளிச்சிச் சத்தி எடுத்தது இங்க கேட்டிச்சி. அண்டையில இருந்து மாமி இந்த ஊட்டுல அடுப்பு பத்த வெக்க விடல்ல."