தலையணைமேல் நிற்பவள்

சுளுக்கி ஆறிய கணுக்கால் மறுபடியும் மடங்கியபோது தேன்மலரின் இடுப்பில் குழந்தை இருந்தது. மாடிப்படியில் இருவரும் உருண்டார்கள். குழந்தையின் நெற்றிக் காயம் ஆறிவிட்டது. ஆனால் கணவன் இன்பராஜ் அதற்குப் பிறகு அவளைக் குழந்தையைத் தூக்க விடவே இல்லை.

கணுக்கால் மறுபடி மடங்காமல் உறுதிப்பட, பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி அவள் தினமும் தலையணைமேல் ஒற்றைக்காலில் நின்று பழகினாள். கண்ணை மூடினால் போதும், கால் வெடவெடத்து ஆளைச் சாய்த்துவிடும். அன்றும் சாயப்போய்ச் சுவரைப் பிடித்தபோது, தூளியில் குழந்தை வீறிட்டது.

“நீ தூக்காத, நான் வர்றேன்!” குளியலறையிலிருந்து இன்பராஜ் கத்தினான்.

அழுது அழுது குழந்தைக்கு மூச்சு இழுத்தது. தேன்மலர் தரையில் உட்கார்ந்து, தூளியைத் தன் பக்கம் இழுத்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

ஈரத்தோடு ஓடிவந்தவன் கைகளை நீட்டினான். “குடு.”

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“தரையிலதாங்க உக்காந்திருக்கேன். இதுக்குக் கீழ எங்க விழப்போறேன்?”