ஒரு சேலைத் தூரம்

அந்தக் கூடத்துக்கு ஆறு மூலை, ஆறு சுவரும் ஒரே நீளம். நட்டநடுவில் அம்மா கடைசிப் படுக்கையில் கிடந்தாள். மூலைக்கு ஒருத்தியாக ஆறு மகள்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒருத்தி கிட்ட வந்தா இன்னொருத்தி தூரமாயிடுவா. அங்கங்கேயே இருங்கடி" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

பூரணியும் அடுத்த மூலையிலிருந்த தங்கை தெய்வானையும் பேசிப் பல வருஷமாயிற்று.

"அம்மாவுக்குக் கிட்ட எப்பவும் நீதான்" என்றாள் தெய்வானை.

"ஆரம்பிச்சாச்சா ரெண்டும்!" என்றது எதிர் மூலை.

"அளந்துதான் பாரேன்" என்றாள் பூரணி.

அம்மா தலைமாட்டுச் சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையைத் தெய்வானை தன் மூலைக்கு இழுத்துப் போனாள். சரியாக எட்டியது. அதே முனையைப் பூரணி வாங்கித் தன் மூலைக்குப் போனாள். அங்கேயும் சரியாக எட்டியது.

அப்போது அம்மாவின் கையிலிருந்த முனை நழுவியது. தெய்வானை ஓடிவந்து எடுத்தாள். அம்மா கண் திறக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தெய்வானை அதைப் பிடித்தபடியே தன் மூலைக்குத் திரும்பினாள். அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே சேலை, தொய்யாமல், சரியாக நின்றது.

"அக்கா, நமக்கும் இவ்வளவுதானா தூரம்?"

"விட்டுடாதேடி" என்றாள் பூரணி.