பொம்மைக்கு வந்த சம்மன்

தையல்கடைப் பொம்மையைக் கோர்ட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள் வக்கீலம்மா. தலை உண்டு, மீசை உண்டு, கோட்டும் உண்டு. உயிர்தான் இல்லை.

"இது யாரும்மா?" என்றார் ஜட்ஜ்.

"இவர்கிட்டதான் ஐயா சம்மன் கொடுத்துட்டு வந்திருக்காங்க!"

கோர்ட்டே சிரித்தது. தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கடன் வழக்கில் அவர் ஆஜராகவில்லை என்று, கடன் கொடுத்தவர் பக்கமே தீர்ப்பாகிவிட்டது. அதை உடைக்காவிட்டால் தையல் மிஷின் ஜப்தி. வீட்டில் அடுப்பெரிவதே அந்த மிஷினால்தான்.

வக்கீலம்மாவுக்கு இதுதான் முதல் கேஸ். சம்மன் கொண்டுபோன கோர்ட் ஊழியரான அமீனாவைக் கூண்டில் ஏற்றிப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"உங்க அறிக்கையைக் கொஞ்சம் வாசிங்க."

அமீனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "பிரதிவாதி கடையில் நின்றிருந்தார். பேரைக் கேட்டேன், பதில் இல்லை. சம்மனை நீட்டினேன், வாங்கவில்லை. ஆகவே மார்பிலேயே ஒட்டிவிட்டு வந்தேன்."

"கண்ணாவது சிமிட்டினாரா?"

"இல்லம்மா."

"அப்பகூட சந்தேகம் வரலியா?"

"ரொம்ப அழுத்தமான ஆளுன்னு நினைச்சேன்."

ஜட்ஜ் வாயைப் பொத்திக்கொண்டார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல மனுஷன் எது, பொம்மை எதுன்னு தெரியலியா உங்களுக்கு?"

"வயசாயிடுச்சுங்க ஐயா. பொம்மையாத்தான் இருந்திருக்கும்," என்று தலையைக் குனிந்துகொண்டார் அமீனா.

சம்மன் முறையாகச் சேரவில்லை, தீர்ப்பு ரத்து, வழக்கை மறுபடி விசாரிக்கலாம் என்று உத்தரவானது.

வக்கீலம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பொம்மையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். இப்படிக் கண் தெரியாத ஆட்களையெல்லாம் வேலையில் வைத்திருந்தால் கோர்ட் உருப்பட்ட மாதிரிதான். அமீனாவிடம் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று தேடிப் போனாள்.

தூணுக்கு அந்தப் பக்கம் தையல்காரர் அமீனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"விடுப்பா," என்றார் அமீனா. "மிஷினைத் தூக்கிட்டுப் போயிட்டா கடனை எதை வச்சு அடைப்பே? தவணை கேட்டு ஒழுங்காக் கட்டு. இன்னொரு தடவை சம்மன் வந்தா கையை நீட்டி வாங்கிக்கோ. பொம்மையா நிக்கிறவனுக்கு அப்படியா வேர்த்து ஊத்தும்? பசை ஒட்டவே மாட்டேன்னுடுச்சு!"