மேலாளர் அறைக் கடிகாரம்

அந்தத் தொழிற்சாலையில் நேரம் மேலாளரின் அறையிலிருந்துதான் புறப்படும். அங்குள்ள கடிகாரம் நிமிடத்துக்கொருமுறை கம்பி வழியே ஒரு துடிப்பை அனுப்ப, மற்ற கூடங்களின் கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக ஓரடி நகரும். மின்இணைப்பு வரைபடத்தில் அந்தக் கடிகாரத்துக்கு மாஸ்டர், அதாவது எஜமான் என்று பெயர். மற்றவற்றுக்கு ஸ்லேவ், அதாவது அடிமை. மேலாளரின் கடிகாரம் சில நிமிடங்கள் பிந்தி ஓடுவது எல்லோருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்றே கைக்கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பிக்கொள்வது அங்கே வழக்கம். மின்பிரிவுப் பொறியாளர் ஜெசிந்தாவும் திருப்பிக்கொண்டவள்தான்.

"ஸ்லேவ்ங்கிற பேரை மாத்தணும் சார்," என்றாள் அவள் கூட்டத்தில். "மனுஷனை வித்து வாங்கின காலத்து வார்த்தை அது."

"கடிகாரத்துக்கு ரோஷமா வரப்போகுது?" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதுக்கு வராது சார். தினம் அதைச் சொல்ற நமக்கு வரணும்."

மேலாளர் சிரிப்பை நிறுத்தினார். எல்லோரும் நிறுத்தினார்கள்.

"நியாயந்தான். மாத்திடலாம். சம்மதம்னா கை தூக்குங்க," என்று முதலில் தன் கையைத் தூக்கினார். மேசையைச் சுற்றி எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன. சுவர்க் கடிகாரத்தின் முள் ஓரடி நகர்ந்தது.

ஜெசிந்தாவின் கை மட்டும் எழவில்லை.

"என்னம்மா, நீங்க கேட்டதுதானே?"

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். சுவரில் இருந்த அதே நேரம். கைக்கடிகாரத்தைக் கழற்றி, திருகைப் பிடித்து, முள்ளை மெல்ல முன்னால் நகர்த்தத் தொடங்கினாள்.

மேலாளர் கையை இறக்கவில்லை. அதனால் வேறு யாரும் இறக்கவில்லை.