கண் கூசும் வெள்ளை

ஒரே ஒரு ஊராம். ஊரைச் சுத்தி உப்பாம். அந்த உப்புக்கு ஒரு முதலாளியாம், முதலாளிக்கு ஒரு சம்சாரமாம். ரொம்பக் காலத்துக்கு முந்தியெல்லாம் இல்லை. போன வைகாசியில்தான், நம்ம மரக்காணத்தில்.

சம்சாரத்தின் பெயர் தையல்நாயகி. அன்றைக்குக் காலையில் அவள் புடவைத் தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டு, சொந்த அடுப்பங்கரை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"மனுஷி நிக்கிற எடமாய்யா இது?"

திண்டிவனத்திலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்திருந்த டைல்ஸ் கடை வெங்கடாசலம் தலையைச் சொறிந்தார். தரை போட்ட கொத்தனார் சுரேஷ் அவருக்குப் பின்னால் பதுங்கினான்.

கொல்லை வாசலில் இன்னொருத்தியும் நின்றாள். இவர்கள் உப்பளத்தில் உப்பு வாரும் செல்லம்மாள்.

"அம்மா, ஒரு விஷயம்..."

"இரு செல்லம்மா, இந்தப் பஞ்சாயத்து முடியட்டும். அது என்னாடி இடுப்புல, கூலிங் கிளாஸா? ஷூட்டிங் போறியா?"

"திருவிழாவுல பொண்ணு வாங்கிக் குடுத்ததும்மா" என்று செல்லம்மாள் சிரித்து ஒதுங்கி நின்றாள்.

தையல்நாயகியின் கோபத்தில் நியாயம் இருந்தது. உப்புக் காற்றில் பழைய இரும்பு அலமாரி துருவாக உதிர்ந்து, சுவர் இடுப்பளவுக்குப் பொரிந்து கொட்டிய பிறகுதான் அவள் புருஷன் ராஜவேல் புது அடுப்பங்கரைக்கே சம்மதித்தார். பெயின்ட் அட்டையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் வெள்ளைதானே, இதுல என்னா பொறுக்கறது?" என்றார்.

"உப்பைப் பாத்துப் பாத்து உங்க கண்ணு அவிஞ்சுபோச்சு" என்று அவரை வீட்டில் விட்டுவிட்டு, கடை கடையாக அவளே ஏறி இறங்கினாள். சுவருக்குப் பால் வெள்ளை. கப்போர்டுக்குத் தந்த வெள்ளை. தரைக்கு முத்து வெள்ளை. அதுவும் பளபளப்பு இல்லாத மங்கல் டைல்ஸ். ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் எடுத்தாள்.

வானூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், தரை முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி!

"மேடம், இது நீங்க கேட்டதைவிட ஒசத்தி. ஸ்டார் ஹோட்டல்லல்லாம்..."

"ஓட்டல் கதை வேணாம். வா. வந்து அடுப்புக்கு முன்னால நில்லு."

வெங்கடாசலம் போய் நின்றார். கிழக்கு ஜன்னல் வெயில் தரையில் அடித்து, தரையிலிருந்து கப்போர்டில் அடித்து, அங்கிருந்து நேராக அவர் மூஞ்சியில் அடித்தது. கண் தானாக இடுங்கியது.

"கொஞ்சம்... கூசத்தான் செய்யுதுங்க."

"கொஞ்சமா? காலையில தோசை ஊத்த நின்னேன். கண்ணுல தண்ணியா கொட்டுது. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒரு தோசைக்கே இந்தக் கதி! ஒரு பொம்பள நாளு பூரா நின்னு வேலை செய்யற எடம்யா இது. அவளுக்குக் கண்ணு போச்சுன்னா நீ குடுப்பியா? வேலை செய்யறவ கண்ணைப் பத்தி நெனைக்காதவன் எதுக்குய்யா யாவாரம் பண்றே?"

"நெசந்தாம்மா" என்றாள் கொல்லை வாசலிலிருந்து செல்லம்மாள், தன்னை மறந்து.

"கேட்டியா? அவளுக்கே புரியுது. உனக்குப் புரியல!"

வெங்கடாசலம் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு எங்களுதுதான் மேடம். மங்கல் டைல்ஸே அனுப்பறேன். சுரேஷு, இதை நெம்பி எடுத்துடு. இதுக்குக் காசும் வேணாம், திருப்பவும் வேணாம்." பைக்கை உதைத்துக்கொண்டு பறந்தார்.

தையல்நாயகிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நியாயத்தைக் கேட்டு வாங்கிவிட்ட சந்தோஷத்தில் கொல்லைப் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சொல்லு. என்னா சேதி?"

"நம்ம உப்பளத்துக் கொட்டாயிங்கம்மா. புயல்ல கூரை பறந்ததுதான், இன்னும் போடல. சோறு திங்கக்கூட நெழல் இல்ல. உப்பு வெளிச்சத்துல எல்லாருக்கும் கண்ணு எரியுது. சித்த நேரம் இருட்டுல ஒக்காந்தா தேவலாம்னு... நீங்க ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா, கீத்து போட்டுடுவாரு."

தையல்நாயகியின் முகம் சுருங்கியது. "ஐயாவே இந்த வருஷம் உப்புக்கு வெலை இல்லன்னு பொலம்பிட்டுக் கெடக்கறாரு. மழைக்கு முன்னால பாக்கலாம்."

ஆனாலும் வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"சுரேஷு! இந்த டைல்ஸையெல்லாம் ஒடையாம எடுத்து வண்டியில ஏத்து. கொட்டாயிக்குத் தரை போட்டுக் குடுத்துடு. பாவம், மண்ணுல ஒக்காந்து சாப்பிடறாங்க."

சுரேஷ் திருதிருவென்று முழித்தான். "அக்கா, மேல கூரையே இல்ல. உச்சி வெயில்ல இந்தத் தரை..."

"அதனால என்னாடா? அவங்களுக்கு வெள்ளை பழகினதுதானே?"

செல்லம்மாள் அந்தத் தரையைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த கறுப்புக் கண்ணாடியை உருவி, முந்தானையில் துடைத்து, அடுப்பு மேடையில் வைத்தாள்.

"தரை மாத்தற வரைக்கும் இதைப் போட்டுக்குனு சமைங்கம்மா. உங்களுக்குப் பழக்கமில்ல பாருங்க."

சொல்லிவிட்டு, நெற்றிக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு உப்பளத்தைப் பார்த்து நடந்தாள்.