ரெண்டே ரெண்டு அங்குலம்

"மாமனார் வெளியே வர்றதுக்குள்ள வேலையை முடிச்சிடணும்" என்றான் டேரில். போர்வையில் சுற்றியிருந்ததை மேஜைமேல் கிடத்திவிட்டு, கடைக்கதவைத் தாழிட்டான்.

துப்பாக்கி ரிப்பேர் செய்யும் எம்மட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆர்வோ இப்ப எங்கே?"

"சானாவுல. சனிக்கிழமை நீராவியில உக்காந்தா, நல்லா வேகாம எழுந்திருக்க மாட்டாரு."

போர்வை விலகியதும் எம்மட்டின் முகம் மாறியது. ஆர்வோவின் இரட்டைக்குழல்! மிச்சிகன் வடகோடியில் அதன் கதை தெரியாத ஆள் கிடையாது. ஆர்வோவின் அப்பா வாங்கியது. இன்றுவரை அரம்கூடப் படாதது. அதைத் தூக்கிக்கொண்டு ஆர்வோ காட்டுக்குள் நுழைந்தால் காட்டுக்கோழிகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். இவ்வளவும் ஆர்வோ சொன்னதுதான். கோழிகளை யாரும் விசாரிக்கவில்லை.

போன மாதம் அதைச் சின்ன மாப்பிள்ளை டேரிலிடம் கொடுத்தபோது கிழவர் ஒரே நிபந்தனைதான் போட்டார். "இதுல எதையாவது மாத்தினே, அன்னிக்கே பிடுங்கி ராட்னிகிட்ட குடுத்துடுவேன்."

ராட்னி மூத்த மாப்பிள்ளை. சுடுவதிலும் வாயடிப்பதிலும் சூரன். டேரிலோ டெட்ராய்ட்டிலிருந்து வந்து பெண் எடுத்தவன். சீசன் தொடங்கி ஒரு இறகைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்காரும்போது ராட்னி இவன் தட்டைப் பார்த்து "கொக்கரக்கோ" என்று கூவுவான். மாமனார் ரொட்டி புரையேறச் சிரிப்பார்.

"குழல் வாய் ரொம்ப இறுக்கம், எம்மட். ரவை சிதறாம ஒரே கொத்தா போகுது. நுனியில ரெண்டே ரெண்டு அங்குலம் அறுத்துட்டா விரிஞ்சு பாயும்."

"ரவை எப்படி விரியுதுன்னு காகிதத்துல சுட்டுப் பாத்தியா?"

"எதுக்கு? தப்பிச்ச கோழியெல்லாம் சாட்சி."

எம்மட் குழல்களின் நுனியைத் தடவினார். நுனியில் ஒட்டியிருக்க வேண்டிய இரண்டும் விலகி நின்றன. நடுவில் ஒரு தீக்குச்சி நுழையும். "வேணாம் தம்பி. அறுத்தா அறுத்ததுதான். ஒட்ட முடியாது."

"ஒரு ஞாயித்துக்கிழமையாவது நான் தலை நிமிந்து சாப்பிடணும், எம்மட்."

பிளேடு தேடுவதாகச் சொல்லி உள்ளே போன எம்மட், பிளேடு செய்யும் நேரம் எடுத்துக்கொண்டார். உள்ளே டெலிபோனை எடுத்து வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து அதை ரம்பத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு அதிர்ந்தது. எம்மட் ஓடிப்போய்த் திறந்துவிட்டார்.

வாசலில் ஆர்வோ நின்றார். இடுப்பில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ், தோளில் ஒட்டிய, சானாவில் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலை. அக்டோபர் குளிரில் அவர் உடம்பிலிருந்து ரயில் எஞ்சின்போல் ஆவி பறந்தது.

"மாப்ளே! கையை எடு!"

டேரில் கையை எடுக்கவில்லை. குழலை வைஸ் இடுக்கியில் வைத்து முறுக்கினான். "நீங்கதானே குடுத்தீங்க மாமா? இப்ப இது என் துப்பாக்கி."

"எங்கப்பா வாங்கின மேனிக்கு இருக்குடா அது!"

"இருந்துட்டுப் போகட்டும். எனக்கு ஒரு கோழி விழணும்."

"ராட்னிக்குப் போயிடும், சொல்லிட்டேன்!"

"தாராளமா. அறுத்தே குடுக்கறேன்."

ஆர்வோ எம்மட்டைப் பார்த்தார். எம்மட் கூரையைப் பார்த்தார். "என்னைப் பாக்காதே ஆர்வோ. சொல்றதுன்னா நீயே சொல்லு."

"என்னத்தைச் சொல்றது? டேய், நான் உன் பொண்டாட்டியைப் பெத்தவன்டா!"

டேரில் கண்ணை மூடிக்கொண்டு ரம்பத்தை ஒரு இழுப்பு இழுத்தான். இரும்பு கிறீச்சிட்டது. பளபளவென்று தூள் உதிர்ந்தது.

ஆர்வோ துண்டை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் குழலைக் கட்டிப்பிடித்தார்.

"நிறுத்துடா பாவி! குழல் பதினெட்டு அங்குலத்துக்குக் கீழ போனா ஜெயிலு, நான் அப்பவே அறுத்தது போக அதுக்கு மேல மிச்சம் கால் அங்குலம்தான் இருக்கு!"